மூப்படைந்த செல்களை அழிக்கும் சிகிச்சை பலிக்கிறதா என்று அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூப்படைந்த செல் என்று எதைச் சொல்கிறோம்?

பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, சாகவும் மறுக்கிற செல்லை. 1961-இல் லெனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும், சோதனைக் கிண்ணத்தில் வளர்த்த மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்கள் ஏறக்குறைய 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதைக் காட்டினார்கள். டெலோமியர் (குரோமோசோமின் முனைப் பகுதி) தேய்வது மட்டுமே காரணம் இல்லை. டிஎன்ஏ சேதம், கதிர்வீச்சு, கீமோதெரபி மருந்துகள், புற்றுநோய் மரபணுக்களின் தூண்டல் என்று பல வழிகளில் செல் இந்த நிலைக்கு வரும். வந்தபின் சும்மாவும் இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் சுற்றுத் திசுவைக் கரைக்கும் நொதிகளையும் சுரந்துகொண்டே இருக்கும். இந்தச் சுரப்புத் தொகுப்புக்கு 'சாஸ்ப்' என்று பெயர்.

இந்தச் செல்களைக் கொல்லும் மருந்து செனோலிட்டிக். கொல்லாமல் சுரப்பை மட்டும் அடக்குவது செனோமார்பிக். இந்த இரண்டையும் பிரித்து அளக்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

தெரியாது. மூப்படைந்த செல்லுக்கு மட்டுமே உரிய அடையாளம் என்று எதுவும் இதுவரை இல்லை. செல் பிரிவைத் தடுக்கும் பி16 புரதம் பல புற்றுநோய்ச் செல்களிலும் ஏராளமாக இருக்கும். அதே வேலையைச் செய்யும் பி21 புரதம் சாதாரண டிஎன்ஏ சேதத்துக்கே சில மணி நேரத்தில் எகிறும், பிறகு இறங்கிவிடும். அழற்சிப் புரதமான ஐஎல்-6 ஒரு ஜலதோஷத்துக்கே ஏறும். அதனால்தான் துறையில் எல்லோரும் பல குறியீடுகளைச் சேர்த்தே பார்க்கிறார்கள்: செல் பிரிவு நின்றதற்கு ஒன்று, லைசோசோம் (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பை) பெருத்ததற்கு ஒன்று, டிஎன்ஏ சேதத்துக்கோ சுரப்புக்கோ ஒன்று. மூன்றும் ஒரே செல்லில் தெரிந்தால் ஓரளவு நம்பலாம்.

அப்படியானால் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். திசுவில் அந்தச் செல்கள் குறைந்தனவா? அவற்றின் சுரப்பு குறைந்ததா? ஆளின் உடல்நிலை தேறியதா? ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கு விடையாகக் காட்டுவதுதான் இந்தத் துறை அறிக்கைகளில் அதிகம் நடக்கும் தவறு. செல்கள் குறைந்தும் ஆள் தேறாமல் இருக்கலாம். ஆள் தேறியும் அதற்கும் செல்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

நீலச் சாயப் பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது? ஏன் அடிக்கடி தவறுகிறது?

1995-இல் அறிமுகமான முறை இது. இன்றும் இதுதான் முதல் படி. மூப்படைந்த செல்லில் லைசோசோம்கள் பெருகிவிடுவதால் அவற்றில் உள்ள பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியும் அதிகம். இந்த நொதி இயல்பாக பிஹெச் 4 அளவில் நன்றாக வேலை செய்யும். அங்கே சோதித்தால் எல்லாச் செல்லும் நீலமாகும். பிஹெச் 6.0-க்கு ஏற்றினால் அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும். நொதி ஏராளமாக இருக்கும் செல் மட்டுமே நிறம் காட்டும். ஆகவே இந்தச் சோதனையின் உயிரே பிஹெச்தான்.

செய்முறை சுருக்கமாக: கிண்ணத்தில் உள்ள செல்களை பிபிஎஸ் கரைசலில் கழுவி, 2 சதவீத ஃபார்மால்டிஹைடும் 0.2 சதவீத குளூட்டரால்டிஹைடும் கலந்த கரைசலில் 3 முதல் 5 நிமிடம் நிலைநிறுத்த வேண்டும். மறுபடி கழுவியபின் சாயக் கரைசலை ஊற்ற வேண்டும். அதில் இருப்பவை: மில்லிலிட்டருக்கு 1 மி.கி. எக்ஸ்-கேல் (நொதி வெட்டினால் நீலமாகும் பொருள்), 40 மில்லிமோலார் சிட்ரிக் அமிலம்-சோடியம் பாஸ்பேட் பஃபர், பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் ஃபெர்ரிசயனைடும் 5 மில்லிமோலார் வீதம், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு. 37 டிகிரி செல்சியஸில் 12 முதல் 16 மணி நேரம் வைத்துவிட்டு எண்ண வேண்டும்.

தவறுகிற இடங்கள் இவை. வழக்கமான செல் வளர்ப்பு இன்குபேட்டரில் வைத்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைசலை அமிலமாக்கிவிடும், இளம் செல்களும் நீலமாகும். கார்பன் டை ஆக்சைடு இல்லாத அடுப்பில்தான் வைக்க வேண்டும். நிலைநிறுத்தும் நேரம் கூடினால் நொதி செத்துவிடும், நீலமே வராது. கிண்ணத்தை மூடி ஒட்டாவிட்டால் கரைசல் வற்றி எக்ஸ்-கேல் படிகங்கள் ஊசி ஊசியாகப் படியும். கேமராவில் அவை நீலச் செல்லைப் போலவே தெரியும். செல்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தாலும் மூப்பில்லாமலே நிறம் வரும். மேக்ரோஃபேஜ்களும் (கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) ஆஸ்டியோகிளாஸ்ட்களும் (எலும்பைக் கரைக்கும் செல்கள்) இயல்பாகவே நீலமாகும்.

திசுவில் செய்வதானால் புதிதாக எடுத்ததோ உறைய வைத்ததோதான் உதவும். பாரஃபின் மெழுகில் பதித்துவிட்டால் நொதி போயிற்று. அத்தகைய பழைய மாதிரிகளுக்கு லிப்போஃபஸ்சின் என்ற கழிவுப் படிவைக் காட்டும் சுடான் பிளாக் பி சாயம் கைகொடுக்கும்.

திசுவில் பி16 அளவு பாதியாகிவிட்டது என்றால் செல்கள் பாதியாகிவிட்டன என்று கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். பி16-இன் ஆர்என்ஏ மிகக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நகலை இரட்டித்து அளக்கும் கியூபிசிஆரில் பெரும்பாலும் 30 சுற்றுக்கு மேல்தான் தலை காட்டும். அந்தப் பகுதியில் அரைச் சுற்று பிசகினாலே கணக்கில் 1.4 மடங்கு வித்தியாசம் வந்துவிடும். ஒரு சுற்று பிசகினால் சரியாக 'பாதி'. ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது மூன்று குழிகளில் ஓட்ட வேண்டும். ஒப்பீட்டு மரபணு ஒன்று போதாது, இரண்டு மூன்று வேண்டும். ஏனென்றால் வழக்கமாக எடுக்கும் ஆக்டின் போன்றவையே செல் பெரிதாகும்போது மாறக்கூடியவை.

எலிகளில் இன்னொரு பொறி. பி16-உம் பி19ஆர்ஃப் என்ற வேறு புரதமும் ஒரே மரபணுவில் இரண்டாம், மூன்றாம் எக்ஸான்களை (மரபணுவின் துண்டுகளை) பங்கிட்டுக்கொள்கின்றன. பிரைமர் (கியூபிசிஆரில் நகலெடுப்பு தொடங்கும் டிஎன்ஏ துணுக்கு) பி16-க்கு மட்டுமே உரிய எக்ஸான் 1 ஆல்பாவில் அமையாவிட்டால் இரண்டையும் சேர்த்தே அளந்துகொண்டிருப்பீர்கள். எலியின் பி16-க்கு விற்கப்படும் ஆன்டிபாடிகளைப் பற்றி நல்ல பெயர் இல்லை. பி16 நீக்கப்பட்ட எலியின் திசுவில் அதே ஆன்டிபாடி எதையும் காட்டவில்லை என்று நிரூபித்த பிறகே நம்ப வேண்டும். மனிதத் திசுவுக்கு இ6ஹெச்4 என்ற ஆன்டிபாடி கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் நெடுங்காலமாகப் புழங்குவது, அது நம்பகமானது.

திசுவை மொத்தமாக அரைத்து அளப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயதான திசுவிலும் மூப்படைந்த செல்கள் சிறுபான்மைதான். மருந்துக்குப் பிறகு வேறு வகைச் செல்கள் உள்ளே வந்தாலோ வெளியேறினாலோ விகிதம் தானாக மாறும். சதவீதத்தோடு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை செல் என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள். தனிச்செல் ஆர்என்ஏ வரிசையாக்கத்தில் பி16 பல செல்களில் சுழியமாகவே வரும். அது இல்லாததால் அல்ல, சிக்காததால். அங்கே 125 மரபணுக்கள் கொண்ட 'சென்மேயோ' போன்ற தொகுப்பைப் பார்ப்பதே மேல்.

பயாப்சி இல்லாமல் ரத்தத்திலேயே பி16 பார்க்கலாமாமே?

பார்க்கலாம். ரத்தத்திலுள்ள டி-செல்களில் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) பி16 வயதோடு சீராக ஏறுவது 2009-இல் காட்டப்பட்டது. புகைப்பழக்கமும் உடற்பயிற்சியின்மையும் அதைக் கூட்டுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றவர்களிடம் அது 10 ஆண்டுக்கும் மேலான மூப்புக்குச் சமமாக ஏறியதும் பதிவாகியிருக்கிறது. ரத்தத்தை எடுத்து, காந்த மணிகளால் சிடி3 டி-செல்களைப் பிரித்து, ஆர்என்ஏ எடுத்து அளப்பார்கள். முழு ரத்தத்தில் அளந்தால் நியூட்ரோஃபில்கள் எண்ணிக்கையைக் கெடுத்துவிடும்.

ஆனால் இது டி-செல்லின் கதை. முழங்கால் மூட்டிலோ நுரையீரலிலோ என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி அல்ல. சைட்டோமெகலோ வைரஸ் தொற்று உள்ளவர்களிடம் டி-செல்களின் கலவையே வேறாக இருக்கும். மருந்தின் பலனை அளப்பதைவிட, யாருக்கு மருந்து கொடுக்கலாம் என்று தேர்வதற்கு இது அதிகம் உதவலாம் என்பது எங்கள் கணிப்பு. காரணம், கீழே எலும்பு ஆய்வில் வருகிறது.

ஐஎல்-6, பிஏஐ-1 போன்ற சுரப்புகளை அளப்பது எளிதல்லவா?

கருவிக்கு எளிது. மாதிரியைக் கையாள்வதில்தான் எல்லாம் கெட்டுப்போகும்.

ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் புரதமான பிஏஐ-1 பிளேட்லெட்டுகளுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. ரத்தம் உறையும்போது அது வெளியே கொட்டும். சீரத்தில் அளந்தால் மூப்பை அல்ல, உறைதலைத்தான் அளக்கிறீர்கள். இடிடிஏ அல்லது சிட்ரேட் குழாயில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, சிறு சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். பங்காகப் பிரிக்காமல் ஒரே குழாயை உருக்கி உறைய வைத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் எண் நகரும். ஆரோக்கியமானவரிடம் ஐஎல்-6 மில்லிலிட்டருக்குச் சில பைக்கோகிராம்தான். புரதத்தை அளக்கும் சாதாரண எலைசா கிட் அந்த அளவில் தடுமாறும், அதிநுண்ணிய வகை தேவை. ஒருவரின் முந்தைய, பிந்தைய மாதிரிகளை ஒரே தட்டில், ஒரே நாளில் ஓட்டுங்கள். வேறு வேறு தட்டில் ஓட்டினால் தட்டுகளுக்கிடையிலான வேறுபாடே சிகிச்சையின் பலனாகத் தோன்றும்.

எடுக்கும் நேரமும் முக்கியம். காலை, வெறும் வயிறு, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இல்லை, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ தடுப்பூசியோ இல்லை. இந்த நிபந்தனைகளை மீறிய மாதிரியை ஒதுக்குவது என்று ஆய்வு தொடங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்தபின் ஒதுக்கினால் அதற்கு வேறு பெயர்.

மருந்து செல்லைக் கொன்றதா, வாயை மட்டும் அடைத்ததா என்று எப்படிப் பிரிப்பது?

மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். செல் செத்திருந்தால் மருந்து உடலை விட்டுப் போனபிறகும் சுரப்பு குறைவாகவே இருக்கும். வாய் மட்டும் அடைபட்டிருந்தால் சில நாட்களில் பழையபடி ஏறும். செனோலிட்டிக்காகச் சோதிக்கப்படும் டாசடினிப் ரத்தத்தில் பாதியாகக் குறைய 3 முதல் 5 மணி நேரம்தான் ஆகும். அது தன்னளவிலேயே அழற்சியைத் தணிக்கக்கூடிய கைனேஸ் தடுப்பான் என்பதால், மருந்து உட்கொள்ளும் நாட்களில் எடுத்த ஐஎல்-6 எதையும் நிரூபிக்காது.

சாவை நேரடியாகவே பிடிக்கும் வழி ஒன்று 2021-இல் வெளியானது. மூப்படைந்த செல்கள் தங்களுக்குள் ஆக்ஸிலிபின் வகைக் கொழுப்புப் பொருட்களைச் சேர்த்து வைக்கின்றன. அவற்றில் ஒன்றான டைஹோமோ-15டி-பிஜிஜே2, செல் உடையும்போது வெளியே வருகிறது. டாக்ஸோரூபிசின் என்ற கீமோதெரபி மருந்தால் மூப்பூட்டிய எலிகளுக்கு ஏபிடி-263 என்ற செனோலிட்டிக்கைக் கொடுத்ததும் அது ரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டது. நிறை நிறமாலைமானி தேவைப்படும் ஆய்வகச் சோதனை இது, மருத்துவமனையில் எழுதித் தரும் பரிசோதனை அல்ல. ஆனாலும் மற்றதெல்லாம் எஞ்சியதை எண்ணும்போது, இது ஒன்றுதான் செத்ததை எண்ணுகிறது. இதன்மேல்தான் எங்களுக்கு அதிக நம்பிக்கை.

கிண்ணத்தில் ஒரு பொருளைச் சோதிக்கும்போது எதில் ஏமாறுவோம்?

எம்டிடி சோதனையில், அதாவது உயிருள்ள செல்களை நிற மாற்றத்தால் காட்டும் சோதனையில். மூப்படைந்த செல் உருவத்தில் பெரியது, ஒரு செல்லுக்கான வளர்சிதை மாற்றமும் அதிகம். எம்டிடியும் ஏடிபி சோதனையும் அளப்பது மொத்த வளர்சிதை மாற்றத்தை, செல்களின் எண்ணிக்கையை அல்ல. குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளோ (தாவரப் பொருட்கள்), செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியோடு வினைபுரிந்து நிறம் தந்துவிடும். பொருள் கொல்லவில்லை என்று தவறாக முடிவுகட்டுவீர்கள். உட்கருவைச் சாயமேற்றி எண்ணுவதே நேர்மையான வழி.

கதிர்வீச்சுக்கு (வழக்கமாக 10 கிரே) அல்லது எட்டோபொசைடு என்ற கீமோதெரபி மருந்துக்குப் பிறகு குறைந்தது 7 முதல் 10 நாள் காத்திருந்து சோதியுங்கள். மூன்றாம் நாளே சோதித்தால், முழு மூப்படையாத, சேதத்தில் தத்தளிக்கிற செல்களைத்தான் கொல்வீர்கள். டாக்ஸோரூபிசினால் மூப்பூட்டினால் அதன் சிவப்பு ஒளிர்வு உட்கருவிலேயே தங்கும், சிவப்புச் சாயங்கள் பயன்படாது. ஒப்பீட்டுக்குப் பிரியும் செல்கள் மட்டும் போதாது. சீரம் குறைத்து உறங்க வைத்த செல்களும் வேண்டும், இல்லாவிட்டால் 'பிரியாத செல்லைக் கொல்லும்' பொருளை 'மூப்படைந்த செல்லைக் கொல்லும்' பொருள் என்று எழுதிவிடுவோம். கடைசியாக, செல்லின் தற்கொலையை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளின் தடுப்பானைச் சேர்த்துப் பாருங்கள். செல்கள் பிழைத்தால் சாவு அப்போப்டோசிஸ்தான், அதாவது திட்டமிட்ட செல் சாவுதான்.

சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாள் கழித்து அளக்க வேண்டும்?

மூப்படைந்த செல் புதிதாக உருவாக வாரங்கள் ஆகும். அதனால்தான் தினசரி மருந்து வேண்டியதில்லை, அதனால்தான் அளப்பதிலும் அவசரம் வேண்டியதில்லை. தொடங்குமுன் இரண்டு அடிப்படை மாதிரிகள், ஒன்றிரண்டு வார இடைவெளியில். ஒருவரின் எண் தானாக எவ்வளவு ஆடும் என்று தெரியாமல் மாற்றத்தைப் பேச முடியாது. திசு மாதிரி, கடைசி மருந்துக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்து. நடை, பிடிவலிமை போன்றவை ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும்.

மேல்மரபு வயதுக் கடிகாரம் ஒன்றே போதாதா?

போதாது. 353 டிஎன்ஏ இடங்களின் மெத்தில் குறிகளை வைத்து 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் அமைத்த கடிகாரமும் அதன் வாரிசுகளும் அளப்பது வேறொன்றை. டெலோமியரை நீட்டும் டெலோமெரேஸ் நொதியைச் சேர்த்து மூப்படையாமல் செய்த செல்களிலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கதிர்வீச்சால் திடீரென மூப்படைந்த செல்லில் அது முன்னே பாய்வதில்லை. தவிர, ஒரே ரத்த மாதிரியை இரு முறை ஓட்டினாலே சில வகைக் கடிகாரங்கள் சில ஆண்டுகள் வேறுபடும். 'என் வயது இரண்டு குறைந்தது' என்பவரிடம் மறு ஓட்டத்தின் எண்ணைக் கேளுங்கள்.

நடை வேகம் மாதிரியான எளிய அளவுகள் நம்பத்தக்கவையா?

மிகவும். ஆனால் நிறுத்துகடிகாரம் பிடிப்பவரின் விரலும் அளவில் சேரும். 4 மீட்டரை 4 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 1 மீட்டர். விரல் 0.2 விநாடி முந்தினால் 1.05 ஆகிவிடும். விநாடிக்கு 0.1 மீட்டர் உயர்வையே பெரிய முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம், அதில் பாதி விரலிலேயே வந்துவிட்டது. ஆகவே இரண்டு ஓட்டம், அதே அளவீட்டாளர், நின்று தொடங்குவதா நடந்துகொண்டே கோட்டைக் கடப்பதா என்பதில் ஒரே முறை. 6 நிமிட நடைக்கு 30 மீட்டர் நேர்த் தாழ்வாரமும், முதலில் ஒரு பழகு நடையும் வேண்டும். பழகியதாலேயே இரண்டாம் முறை தூரம் கூடும். அந்த ஏற்றத்தை மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது.

மனிதர்களில் இதுவரை என்ன தெரிந்திருக்கிறது?

2019-இல் இரண்டு சிறு ஆய்வுகள் வந்தன. நுரையீரல் நார்த்திசு நோயாளிகள் 14 பேருக்கு டாசடினிப் 100 மி.கி., குவெர்செட்டின் 1,250 மி.கி. வாரம் 3 நாள் வீதம் 3 வாரம் கொடுத்தார்கள். நடையும் நாற்காலியிலிருந்து எழும் வேகமும் கூடின, நுரையீரல் திறன் மாறவில்லை. போலி மருந்துக் குழு இல்லை. நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகள் 9 பேருக்கு 3 நாள் மட்டும் மருந்து கொடுத்து, 11 நாள் கழித்து வயிற்றுத் தோலடிக் கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். பி16, பி21, நீலச் செல்கள் எல்லாம் குறைந்திருந்தன. மனிதத் திசுவில் கிடைத்த முதல் தடயம் என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. அதே கொழுப்பில் மேக்ரோஃபேஜ்களும் குறைந்தன. மேக்ரோஃபேஜ்களும் நீலமாகும் என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

2020-இல் யுபிஎக்ஸ்0101 என்ற ஊசி மருந்து முழங்கால் மூட்டுத் தேய்வு வலியில் போலி ஊசியைவிட மேலாக எதையும் காட்டவில்லை. 12 வாரத்தில் வலியே முக்கிய அளவு. இப்படி ஒரு தோல்வி வரும்போதுதான் திசு அளவின் அருமை தெரியும். செல்கள் சாகவில்லையா, செத்தும் வலிக்குக் காரணம் அவை இல்லையா என்பதை வலி மதிப்பெண் சொல்லாது.

2024-இல் மாதவிடாய் நின்ற பெண்கள் 60 பேரிடம் டாசடினிப்-குவெர்செட்டின் 20 வாரம் சோதிக்கப்பட்டது. எலும்புச் சிதைவைக் காட்டும் சிடிஎக்ஸ் அளவில் வேறுபாடு இல்லை, முதன்மை இலக்கு தவறியது. எலும்பு உருவாக்கத்தைக் காட்டும் பி1என்பி முதல் வாரங்களில் ஏறியது. டி-செல் பி16 மிக அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்குப் பெண்களிடம் பலன் தெளிவாக இருந்தது. குழுவைப் பிரித்துப் பார்த்த பகுப்பாய்வு என்பதால் இது முடிவல்ல, அடுத்த ஆய்வுக்கான துப்பு.

செனோலிட்டிக் என்று சொல்லப்படும் ஃபிசெட்டினை (ஒரு தாவரப் பொருள்) நானே வாங்கிச் சாப்பிடுகிறேன். எதை அளந்து பார்ப்பது?

பலனை அளக்க உங்களுக்கு நம்பகமான வழி இல்லை. வணிக ஆய்வகத்தில் கிடைக்கும் அழற்சிக் குறியீடுகளான சிஆர்பி, ஐஎல்-6 இரண்டும் ஒருவரிடமே மாதத்துக்கு மாதம் ஆடும், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அமெரிக்காவின் தேசிய மூப்பு நிறுவனம் நடத்தும் எலிச் சோதனைத் திட்டத்தில் ஃபிசெட்டின் ஆயுளைக் கூட்டவில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

டாசடினிப் வேறு விஷயம். அது ரத்தப் புற்றுநோய் மருந்து. ரத்த அணுக்கள் குறைவது, ரத்தக்கசிவு, நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது எல்லாம் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் அதை உடல் ஏற்காமல் செய்துவிடும். சில பூஞ்சைக் கொல்லி மருந்துகள் அதன் ரத்த அளவை ஏற்றிவிடும். மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது.

எல்லா மூப்படைந்த செல்களையும் ஒழித்துவிடுவதுதானே குறிக்கோள்?

இல்லை. காயம் ஆறுவதற்குச் சில நாள் இந்தச் செல்கள் தேவை. எலிகளில் அவற்றை நீக்கியபோது காயம் ஆறத் தாமதமானது. வயதான எலிகளின் கல்லீரலில் பி16 மிகுந்த இரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்களை நீக்கியபோது அவை திரும்ப முளைக்காமல் நார்த்திசு படிந்தது. ஏபிடி-263 என்ற நேவிடோகிளாக்ஸ் பிளேட்லெட்டுகளையும் சேர்த்துக் குறைக்கும், ஏனென்றால் அவையும் உயிரோடிருக்க பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தையே நம்பியிருக்கின்றன. அந்த மருந்தை ஆராயும்போது பி16-க்கு முன் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஆய்வு அறிக்கை கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

முன்பே பதிவுசெய்த முதன்மை இலக்கு எது, அது எட்டப்பட்டதா. பிறகு, நீலச் செல்களை எண்ணியவருக்கு எந்தப் படம் எந்தக் குழுவுடையது என்று தெரியுமா. நீல நிறத்தில் இளநீலம், கருநீலம் என்று படிகள் உண்டு. எது 'ஆம்' என்ற முடிவு எண்ணுபவர் கையில் இருக்கிறது. பிறகு, 20 குறியீடுகளை அளந்துவிட்டு இறங்கிய மூன்றை மட்டும் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்களா என்று இணைப்பு அட்டவணையைத் திறந்து பாருங்கள். பி16 இறங்கி பி21 ஏறியிருந்தால் அதை அங்கேதான் ஒளித்து வைத்திருப்பார்கள்.